நஞ்சுக்கொடியைச் சாப்பிடலாமா? செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டில் பிள்ளை பெறப்போகும் மகளுக்குத் துணையாகக் கிளம்பும் அம்மாக்கள், தலைப்பிரசவத்துக்கு மகளை வீட்டுக்கு அழைத்து வந்திருப்பவர்கள் என்று காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர்ப் பக்கமிருந்து பிரசவத்துக்குப் பின் வெளியே வரும் நஞ்சுக்கொடியைப் பற்றியே அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே கொடுத்துவிட்டோம். மகப்பேறு மருத்துவர், குழந்தை நல மருத்துவர், பிரசவ வார்டு செவிலியர் அடங்கிய குழு பதிலளிக்கிறது.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். ஆனி மாதம் பிரசவம். நான் துணைக்குப் போகிறேன். அங்கே அவளுடைய தோழிகள் நஞ்சுக்கொடியைக் காயவைத்துப் பொடித்து, கேப்சூலில் அடைத்துச் சாப்பிட்டார்களாம். பால் நன்றாகச் சுரக்கும், ரத்தம் ஊறும், மனச்சோர்வு வராது என்கிறார்கள். "நீங்க என்னம்மா சொல்றீங்க" என்று மகள் கேட்கிறாள். எனக்குக் கேட்கவே ஒருமாதிரி இருக்கிறது. ஆனால் நல்லது என்றால் தடுக்கவும் மனமில்லை.
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

கேட்க ஒருமாதிரி இருக்கிறது என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் மகள் ஏற்க மாட்டார், ஆச்சி. அதைவிட உறுதியான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லுங்கள்.

நிறைமாதத்தில் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, ஏறக்குறைய அரைக் கிலோ எடை இருக்கும். 20 முதல் 22 செ.மீ. அகலம், நடுவில் இரண்டரை செ.மீ. கனம். கேப்சூல் செய்து தருபவர்கள் அதைக் கழுவி, சவ்வையும் கொடியையும் வெட்டி எடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஆவியில் வேகவைப்பார்கள். பிறகு மெல்லிய துண்டுகளாக நறுக்கி, உலர்த்தும் இயந்திரத்தில் எட்டு, பத்து மணி நேரம் காயவைத்து, பொடித்து அடைப்பார்கள். ஒரு நஞ்சிலிருந்து 100 முதல் 200 கேப்சூல் கிடைக்கும். வேகவைக்காமல் பச்சையாகவே காயவைப்பவர்களும் உண்டு. அதில் சத்து அதிகம் என்று சொல்லி விற்கிறார்கள், ஆபத்துதான் அதிகம்.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் 1970-களில்தான் தலைதூக்கியது. ஆதிகாலத்து வழக்கம் என்று சொல்வதற்குப் பெரும்பாலும் சீன வைத்தியத்தைக் காட்டுகிறார்கள். அங்கே உலர்ந்த நஞ்சு ஒரு மருந்துச் சரக்காக இருந்தது உண்மை. ஆனால் பிள்ளை பெற்றவள் தன் நஞ்சைத் தானே சாப்பிடும் வழக்கமாக அது இருக்கவில்லை. அந்நாட்டின் அதிகாரபூர்வ மருந்து நூலும் 2015 பதிப்பில் அந்தச் சரக்கை நீக்கிவிட்டது.

முதலில் பால் விஷயம், ஏனென்றால் இதில்தான் தலைகீழான ஒரு புரிதல் இருக்கிறது. கர்ப்ப காலம் முழுக்க நஞ்சு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த ஹார்மோன்தான் மார்பில் பால் பெருகாமல் தடுத்து வைத்திருக்கிறது. நஞ்சு வெளியே வந்ததும் அதன் அளவு சட்டென்று இறங்கும். அதனால்தான் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் பால் கட்டுகிறது. நஞ்சின் ஒரு துண்டு கருப்பையிலேயே தங்கிவிட்ட பெண்களுக்குப் பால் தாமதமாவதும் இதனால்தான். அப்படியிருக்க, அதே ஹார்மோன் உள்ள பொடியை மூன்றாம் நாளிலிருந்து உள்ளே செலுத்துவது பாலுக்கு உதவும் என்று நம்ப இடமில்லை. கெடுக்கலாம் என்று நினைக்கத்தான் காரணம் இருக்கிறது. பால் பெருகியதாகச் சொல்லி 1954-இல் ஒரு செக்கோஸ்லோவாகிய ஆய்வு வெளிவந்தது. இன்றும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வு நடத்தப்பட்ட முறை இன்றைய அளவுகோலில் தேறாது.

மனச்சோர்வுக்கும் ரத்தத்துக்கும் முறையான சோதனையே நடந்திருக்கிறது. லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் 27 தாய்மார்களை இரண்டாகப் பிரித்து, 12 பேருக்கு அவரவர் நஞ்சுப் பொடியையும் 15 பேருக்குப் போலிக் கேப்சூலையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மனநிலை, களைப்பு, குழந்தையோடு ஒட்டுதல் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் இந்த விஷயத்தில் இருப்பதிலேயே ஒழுங்கானது. தோழிகள் "எனக்கு நல்லா இருந்துச்சு" என்று சொல்வதைப் பொய் என்று சொல்ல மாட்டோம். நல்லது என்று நம்பி, பணம் கொடுத்து, நாள் தவறாமல் எதைச் சாப்பிட்டாலும் சில வாரங்களுக்குத் தெம்பாகத் தோன்றும். போலிக் கேப்சூல் வைத்துச் சோதிப்பதே அதைப் பிரித்துப் பார்க்கத்தான்.

இரும்புச் சத்தையும் அதே குழுவினர் அளந்தார்கள். நாளொன்றுக்கு 3.3 கிராம் பொடி சாப்பிட்டால் அதிலிருந்து கிடைப்பது 2.2 மில்லிகிராம் இரும்பு. பாலூட்டும் தாய்க்கு நம் நாட்டுப் பரிந்துரை நாளுக்கு 23 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பொடியில் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம், அதுவும் சிசேரியன் ஆனவர்களுக்கு, காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகமுள்ள காலம். பாலூட்டும் பெண்ணுக்கு அந்த வாரங்களில் ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரையை மருத்துவர்கள் தருவதில்லை. அளவு தெரியாமல் அதையே பொடியாக எடுப்பது முறையில்லை.

மகளிடம் இப்படிக் கேளுங்கள்: ரத்தம் ஊற வேண்டுமா, பால் வேண்டுமா, மனம் தளராமல் இருக்க வேண்டுமா? மூன்றுக்கும் வேலை செய்யும் வழிகள் இருக்கின்றன. கீழே ஒவ்வொன்றாக வருகின்றன.

நான் நர்சிங் படிக்கிறேன். நஞ்சை வேகவைத்து, காயவைத்துத்தானே கேப்சூல் ஆக்குகிறார்கள்? அப்புறம் கிருமி எங்கிருந்து வரும்?
– ஒரு மாணவி, காரைக்குடி

நல்ல கேள்வி. விடை வெப்பநிலையிலும் நேரத்திலும் இருக்கிறது.

முதலில், நஞ்சு சுத்தமான பொருள் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். சுகப்பிரசவத்தில் அது பிறப்புப் பாதை வழியே வருகிறது. மலத்தில் உள்ள கிருமிகளும் அங்கே உண்டு. பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆகியிருந்தால் கிருமி சவ்வுக்குள்ளேயே ஏறியிருக்கும். பிறகு அது ஒரு தட்டில் இருந்து, பையில் போய், சாதாரண வெப்பநிலையில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடந்தால் பெருகத் தொடங்கிவிடும். ஃப்ரீஸரில் வைத்தால் பெருகுவது நிற்கும், அவ்வளவுதான், சாகாது. மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) வைரஸ் உறைநிலையிலும் தாங்கும்.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 2016-இல் நடந்ததை நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 ஜூனில் வெளியிட்டது. ஒரு குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்தில் மூச்சுத்திணறல். ரத்தத்தில் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. 11 நாள் ஆம்பிசிலின் கொடுத்துச் சரியாகி வீட்டுக்குப் போனது. ஐந்தே நாளில் அதே கிருமியோடு திரும்ப வந்தது. தாய்க்கு 37-ஆம் வாரத்தில் எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. தாய்ப்பாலைச் சோதித்தார்கள், அதிலும் இல்லை. பிறகுதான் தாய் மூன்றாம் நாளிலிருந்து நஞ்சுக் கேப்சூல், வேளைக்கு இரண்டு வீதம் தினம் மூன்று வேளை சாப்பிடுவது தெரிந்தது. கேப்சூலைச் சோதித்தபோது அதில் அந்தக் கிருமி உயிரோடு இருந்தது. மரபணு ரீதியில் குழந்தையின் ரத்தத்தில் இருந்ததும் அதுவும் ஒன்றே. வீட்டில் வேறு யாரிடமிருந்தாவது வந்திருக்கலாம் என்பதையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது என்று அந்த அறிக்கையே சொல்கிறது. ஆனாலும் அந்தக் கேப்சூலைச் சாப்பிட்டதால் தாயின் குடலிலும் தோலிலும் கிருமி கூடி, அது குழந்தைக்குப் போயிருக்கலாம் என்பதே அவர்கள் கணிப்பு.

அந்தத் தாய்க்குக் கேப்சூல் செய்து கொடுத்த நிறுவனம் நஞ்சை உலர்த்திய வெப்பம் 46 முதல் 71 டிகிரி செல்சியஸ். சால்மொனெல்லா என்ற குடல் கிருமியை நம்பத்தக்க அளவுக்குக் குறைக்க 54 டிகிரியில் 121 நிமிடம் வேண்டும். 46 டிகிரியில் காய்ந்தால் எத்தனை மணி நேரம் ஆனாலும் பலனில்லை. காய்வது வேறு, வேவது வேறு. ஆவியில் வைக்கும்போதும் அரைக் கிலோ கட்டியின் மேல்புறம் வெந்து நிறம் மாறிவிடும். நடுவில் எத்தனை டிகிரி என்று வெப்பமானி குத்திப் பார்த்தால்தான் தெரியும். வீட்டுச் சமையலறையில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. இந்தத் தயாரிப்புக்கு எந்தத் தர விதியும் கிடையாது. ஒரே இயந்திரத்தில் நாலு பேருடைய நஞ்சு காய்ந்தால் ஒருவருடைய ஹெபடைடிஸ் பி இன்னொருவருக்குப் போகவும் வழி இருக்கிறது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே பிரசவிக்கத் திட்டமிட்ட பெண்களின் 23,242 பிரசவப் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு விதத்தில் நஞ்சைச் சாப்பிட்டவர்கள். முதல் ஆறு வாரத்தில் அவர்களுடைய குழந்தைகளுக்கு ஆபத்து கூடவில்லை என்றது அது. ஆகவே சாப்பிட்ட எல்லோருக்கும் கேடு வரும் என்று பயமுறுத்துவது சரியில்லை. வருவது அபூர்வம். ஆனால் வரும்போது பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் வருகிறது. பதிலுக்குத் தாய்க்குக் கிடைக்கும் பயன் எதுவும் நிரூபணமாகவில்லை. நம் ஊரில் பி பிரிவு ஸ்ட்ரெப் பரிசோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாக எடுப்பதும் இல்லை. யாரிடம் அந்தக் கிருமி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிய வழியில்லை. அதனால் எங்கள் பதில் வேண்டாம் என்பதுதான்.

எங்கள் வீட்டில் மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடி விழும்வரை ஆள் காவல் இருப்போம். மாடு தின்றுவிட்டால் பால் வற்றும் என்பார்கள். விழுந்ததும் வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். மனிதருக்கு மட்டும் அது எப்படி மருந்தாகும்?
– ஒரு விவசாயி, திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

விட்டால் மாடு தின்னும் என்பதுதான் இதில் முக்கியம். தரையில் வாழும் பாலூட்டிகள் அநேகமாக எல்லாமே தின்கின்றன. புல் தின்னும் மாடும் ஆடும்கூட. ஒட்டகம் தின்பதில்லை, கடலில் வாழும் திமிங்கிலம், சீல் தின்பதில்லை. உலகம் முழுக்க எந்த மனிதச் சமூகத்திலும் தாய் தின்பது வழக்கமாக இருந்ததில்லை.

விலங்குக்கு அதில் பயன் இருக்கலாம். எலிகளில் நடந்த ஆய்வில், நஞ்சும் பனிக்குட நீரும் உள்ளே போனால் உடலின் சொந்த வலிநிவாரணி கூடுதலாக வேலை செய்வது தெரிந்தது. ரத்த வாடைக்கு வேட்டை விலங்கு வராமல் இடத்தைச் சுத்தம் செய்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எலி பச்சையாக, சுடச்சுட, ஈனும்போதே தின்கிறது. மூன்றாம் நாள் காய்ந்த பொடியைத் தண்ணீரோடு விழுங்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மாட்டைக் காவல் காப்பது நல்ல பழக்கம். தின்றால் தொண்டையில் அடைக்கலாம், செரிக்காமல் போகலாம். ஆனால் மரத்தில் தொங்கவிடுவதைவிட நாயும் காக்கையும் எடுக்காதபடி ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது மேல். கருச்சிதைவு நோய் எனப்படும் புருசெல்லா உள்ள மாட்டின் நஞ்சில் அந்தக் கிருமி ஏராளமாக இருக்கும், மனிதருக்கும் தொற்றும். வெறும் கையால் தொட வேண்டாம். கன்று போட்டு 12 மணி நேரத்துக்கு மேல் நஞ்சு விழாவிட்டால் இழுக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

மனைவிக்குக் காரைக்குடியில் பிரசவம். சாப்பிட இல்லை, என் அப்பத்தா காலத்தில் செய்ததுபோல வீட்டுக் கொல்லையில் புதைக்க நஞ்சுக்கொடியைக் கேட்டு வாங்கலாமா? நஞ்சால் குழந்தைக்கு ஏதும் நன்மை உண்டா?
– ஒரு கணவர், காரைக்குடி

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மருத்துவமனையில் நஞ்சு மனித உடற்கழிவாகக் கணக்காகிறது. மஞ்சள் பையில் போட்டு, 48 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எரிக்க அனுப்ப வேண்டும். அதனால் பல இடங்களில் கையில் தர மறுப்பார்கள். அது அவர்களுடைய கடமை, கோபிக்க வேண்டாம். கேட்பதாக இருந்தால் வலி எடுத்த பிறகு கேட்காமல், ஒன்பதாம் மாதப் பரிசோதனையிலேயே எழுத்தில் கேளுங்கள்.

எடுத்துப் போவதற்கு முன் அங்கே ஒரு முக்கியமான வேலை நடந்தாக வேண்டும். நஞ்சு வெளியே வந்ததும் செவிலியர் அதை ஒரு தட்டில் விரித்து, ரத்தக்கட்டிகளைத் துடைத்துவிட்டு, கருப்பையோடு ஒட்டியிருந்த பக்கத்தை மேலாகத் திருப்பிப் பார்ப்பார். கருஞ்சிவப்பாக 15 முதல் 20 மடல்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். எங்காவது குழி விழுந்து கிழிந்திருந்தால் ஒரு துண்டு உள்ளே நின்றுவிட்டது என்று பொருள். சவ்வைத் தூக்கிப் பிடித்து முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பார். கொடியின் வெட்டு முனையில் இரண்டு தமனி, ஒரு சிரை என்று மூன்று துளை இருக்கிறதா என்று எண்ணுவார். உள்ளே துண்டு தங்கினால் அன்றைக்கே ரத்தம் பெருக்கெடுக்கலாம், பத்தாம் நாளில் காய்ச்சலோடும் நாற்றத்தோடும் போக்கு வரலாம். பெருக்கெடுக்கும்போது நஞ்சில் ஒரு துண்டை வாயில் வைத்தால் நின்றுவிடும் என்று இணையத்தில் சிலர் சொல்கிறார்கள். உயிரை எடுக்கும் யோசனை அது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்குப் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசிதான் அந்தப் பெருக்கைத் தடுக்கும் முதல் காவல். 30 நிமிடம் ஆகியும் நஞ்சு வராவிட்டால் மருத்துவர் கையால் எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறோம்: உண்டு, பெரிய நன்மை உண்டு. ஆனால் கொடியை வெட்டுவதற்கு முன்னால். குழந்தை பிறந்தவுடன் அதன் ரத்தத்தில் ஒரு பகுதி இன்னும் நஞ்சிலேயே இருக்கும். கொடி துடித்துக்கொண்டிருக்கும்போது அது குழந்தைக்குள் இறங்கும்: ஒரு நிமிடத்தில் 80 மில்லி அளவுக்கு, மூன்று நிமிடத்தில் 100 மில்லி வரை. அதில் குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 40 முதல் 50 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகக் கிடைக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. முதல் ஆறு மாதத்துக்குக் குழந்தை வாழ்வது இந்தச் சேமிப்பில்தான். மூன்று கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராமுக்குக் குறையாது. உடனே வெட்டினால் அத்தனையும் மஞ்சள் பையில் போய்விடும்.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது இது: "குழந்தை நல்லா அழுதா, கொடியை ஒண்ணுல இருந்து மூணு நிமிஷம் கழிச்சு வெட்டுவீங்களா டாக்டர்?" உலக சுகாதார நிறுவனம் குறைந்தது ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்கிறது. சிசேரியனிலும் செய்யலாம். காத்திருக்கும் நேரத்தில் குழந்தையைத் துடைத்து, தாயின் மேல் தோலோடு தோலாகப் போட்டுத் துணியால் மூடலாம். குழந்தை மூச்சு விடத் திணறினால், தாய்க்குப் பெருக்கெடுத்தால், அவர்கள் உடனே வெட்டுவார்கள். அப்போது வாதாடக் கூடாது. தாமதித்து வெட்டிய சில குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை சற்றுக் கூடலாம் என்பதால் மூன்றாம், நாலாம் நாளில் கண்ணையும் தோலையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கேப்சூல் வேண்டாம் என்றால் ரத்தம் ஊற வேறு என்ன? மருமகளுக்குப் பிரசவம் ஆகி 12 நாள். ஹீமோகுளோபின் 9.2. பத்தியம் என்று வெறும் ரசமும் சுட்ட அப்பளமும்தான் கொடுத்து வருகிறோம்.
– ஒரு மாமியார், தேவகோட்டை

இன்றைக்கே அந்தப் பத்தியத்தை நிறுத்துங்கள், ஆச்சி. பாலூட்டும் பெண்ணுக்கு வழக்கமானதைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், புரதம் 17 கிராம் கூடுதலாக வேண்டும். ரசமும் அப்பளமும் அவருடைய எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் பாலை எடுக்கவைக்கும். தண்ணீரையும் குறைக்காதீர்கள், குடித்தால் வயிறு பெருக்கும் என்பது தவறு.

முதல் மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரை. ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். தினம் ஒன்று, பிரசவத்துக்குப் பிறகு 180 நாள். இரும்பின் அளவைப் பார்த்தால், 27 நாள் நஞ்சுக் கேப்சூலில் இருப்பது இதில் ஒரே மாத்திரையில் இருக்கிறது. 9.2 உள்ளவருக்கு மருத்துவர் இரண்டாகத் தரலாம், நீங்களாகக் கூட்டாதீர்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். விடுவதைவிட அது மேல். காபி, டீ, பாலோடு போட்டால் பாதி வீண். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

உணவில் நம் பக்கத்துச் சுவரொட்டிக்கு, அதாவது ஆட்டு மண்ணீரலுக்கு, இணையில்லை. செம்மறியாட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராமை ஒட்டி இரும்பு இருப்பதாக அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை காட்டுகிறது. வெள்ளாட்டுச் சுவரொட்டியையும் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இறைச்சியில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேரும். அன்று அறுத்ததாக வாங்கி, மேல் சவ்வை உரித்து, இரண்டு மூன்று இடத்தில் கீறிவிட்டு, மஞ்சள் போட்ட கொதிநீரில் முழுசாகப் பத்து நிமிடம் வேகவையுங்கள். வெட்டினால் நடுவிலும் சிவப்பு இருக்கக் கூடாது. பிறகு சிறு துண்டாக நறுக்கி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகுத் தூளோடு வதக்குங்கள். அனலில் லேசாகச் சுட்டு அரைவேக்காட்டில் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்த அரைவேக்காடுதான் தப்பு. வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 50 கிராம் போதும். ஈரல் என்றால் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அதிகம்.

மற்றபடி பூண்டுக் குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, முட்டை, உளுந்தங்களி, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். சைவ வீடாக இருந்தால் பயறு, கீரையோடு ஒரு நெல்லிக்காயையோ எலுமிச்சையையோ சேர்க்காமல் இருக்காதீர்கள். வீட்டில் கிண்டிய பிரசவ லேகியம் நெல்லிக்காய் அளவு சாப்பிடலாம். பஸ்பம், செந்தூரம் சேர்ந்த கடைச்சரக்கு பாலூட்டும்போது வேண்டாம். ஈயமும் பாதரசமும் பால் வழியாகக் குழந்தைக்குப் போகும்.

ஆறாம் வாரத்தில் ஹீமோகுளோபினைத் திரும்பப் பாருங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படபடப்பு என்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம். 7-க்குக் கீழே போனால் மாத்திரை போதாது. ஊசியில் இரும்பா, ரத்தமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். பிரசவமாகி மூன்று வாரம். உங்கள் பத்திரிகையை ஊரிலிருந்து அம்மா அனுப்புவார். நான் ஏற்கெனவே பத்து நாளாக நஞ்சுக் கேப்சூல் சாப்பிடுகிறேன். என்ன செய்ய?
– கோனாப்பட்டு மகள்

நிறுத்திவிடுங்கள். திடீரென நிறுத்துவதால் கேடில்லை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். உங்களுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை என்றால் உங்களுக்குப் பரிசோதனையும் வேண்டியதில்லை. மிச்சமுள்ள கேப்சூலைத் தூக்கி எறியாமல் மூடி, பெயரெழுதி வையுங்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் சோதிக்க உதவும்.

பி பிரிவு ஸ்ட்ரெப் பிறந்து ஏழாம் நாளிலிருந்து 89-ஆம் நாள் வரை தாமதமாகத் தாக்கலாம். ஆகவே குழந்தையைக் கவனியுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் போனாலும், உடம்பு சில்லிட்டு 36-க்குக் கீழே இறங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலும், முனகினாலும், அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு விட்டாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் உடனே மருத்துவமனை. சளி மருந்து கொடுத்து ஒரு ராத்திரி பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம். போனதும் "நான் நஞ்சுக் கேப்சூல் சாப்பிட்டேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. ஓரிகானில் அந்தத் தகவல் தெரிந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது.

தங்கைக்குக் குழந்தை பிறந்து 20 நாளாகிறது. எதற்கெடுத்தாலும் அழுகிறாள். குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறாள். நஞ்சுக் கேப்சூல் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்கிறாள் அவள் தோழி.
– ஓர் அக்கா, கானாடுகாத்தான்

ஆகியிருக்கும். அவளுடைய குற்றம் எதுவும் இல்லை. இதை அவளிடம் முதலில் சொல்லுங்கள். மூன்றாம் நாள் தொடங்கி வரும் அழுகை பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. மனச்சோர்வைக் கண்டறியும், பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் தமிழிலும் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். இரவில் ஒரு பாலூட்டலுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் நாலு மணி நேரம் விடாமல் தூங்க, குழந்தையை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடுவேன் என்று சொன்னாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தூக்கமே இல்லாமல் படபடவென்று பேசினாலோ தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

குழந்தையின் தொப்புள்கொடி எட்டாம் நாள் விழுந்தது. வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டலாமா? இன்னொன்று: அதில் ஒரு துண்டை வாழைப்பழத்தில் வைத்துப் பிள்ளையில்லாத என் நாத்தனாருக்குக் கொடுத்தால் கருத்தரிக்கும் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, கண்டனூர்

தாயத்தில் அடைப்பதால் தீங்கில்லை. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், தாயத்தின் மூடி கழன்று குழந்தை வாயில் போகாதபடி பற்றுவைத்து அடைக்க வேண்டும், கயிறு இறுக்கக் கூடாது. விழுந்த இடத்தில் மஞ்சள், சாம்பல், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். உலர்ந்து இருந்தால் போதும். சுற்றிலும் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னாளில் அந்தத் துண்டை உரைத்து நோய்க்கு மருந்தாகக் கொடுப்பதும் கூடாது.

நாத்தனாருக்குக் கொடுக்காதீர்கள். காய்ந்த கொடியில் கருவை உண்டாக்கும் எதுவும் இல்லை. அழுகும்போது ஒட்டிய கிருமி மட்டும் இருக்கும். அவருக்கு வேண்டியது பரிசோதனை. சேர்ந்து வாழ்ந்து ஓராண்டு ஆகியும் தங்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவருமாகப் போக வேண்டும். தொடங்க வேண்டியது கணவருடைய விந்துப் பரிசோதனையில். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், ஊசி இல்லை, வலி இல்லை. நாத்தனாருக்குத் தைராய்டு, சர்க்கரை பார்த்து, மாதவிலக்குத் தேதிகளைக் கடைசி ஆறு மாதத்துக்கு எழுதிக் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை அன்றிலிருந்தே தொடங்கலாம்.